பதினாறு வருஷம், எட்டுப் பாட்டு

அண்ணனும் தம்பியும் பதினைந்து வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்தால், எங்கள் சின்னமனூர்ப் பக்கத்தில் அதற்கு ஒரு வரப்போ, வாய்க்கால் தண்ணீரோ, கேட்பாரற்று நிற்கும் ஒரு புளியமரமோ காரணமாக இருக்கும். மான்செஸ்டரின் கேலகர் சகோதரர்களுக்கு ஒரு பிளம் பழமே போதுமானதாக இருந்திருக்கிறது. 2009 ஆகஸ்டில் பாரிஸில் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் தம்பி லியம் பிளம் பழத்தை எறிந்தார், அப்புறம் கிட்டாரைக் கோடரி மாதிரி சுழற்றினார் என்பது அண்ணன் நோயல் தரப்பு வாக்குமூலம். அன்றோடு அவர்களுடைய ஒயாசிஸ் குழு கலைந்தது. அதற்கும் முன்னால் 1995-ல், இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த சமயத்தில், அண்ணன் தம்பியைக் கிரிக்கெட் மட்டையால் சாத்தியிருக்கிறார். மட்டைக்குப் பழம் சரியாய்ப் போயிற்று என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

2024 ஆகஸ்டில் சமாதானம் ஆனது. நான் வேலை பார்க்கும் லீட்ஸ் அலுவலகத்தில் ஐம்பது வயது ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொந்த அண்ணனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பாதவர்கள் அவர்களில் உண்டு. டிக்கெட் விற்பனை அன்று நானும் இணைய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மாவட்டமே நின்றது. ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனபோது, காலையில் 150 பவுண்டு இருந்த நிற்கும் இடம் 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. ஆள் கூடக் கூட விலையும் கூடுமாம். பிற்பாடு அரசு ஆணையம் விசாரிக்கும் அளவுக்கு அது விவகாரமானது. என் மனைவி திரையை எட்டிப் பார்த்து, "நிக்கிறதுக்கா முந்நூத்தம்பது? அப்ப உக்காந்தா எவ்வளவு?" என்றாள். விவகாரம் எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது.

பிரிட்டிஷ் பேண்டுகளின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்று பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிட்டார், பாட்டு வரிகள், முடிவெட்டு என்று பல காரணம் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. பங்காளிச் சண்டைதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அப்புறம். கேலகர்கள் 2025 ஜூலை 4-ம் தேதி மறுபடி மேடையேறிய அதே கார்டிஃப் நகரத்தில், 1965-ல் கிங்க்ஸ் என்ற குழு கச்சேரி செய்தது. ரே டேவிஸ், டேவ் டேவிஸ் என்று அதிலும் அண்ணன் தம்பி. ஆனால் அன்று கைகலப்பு அவர்களுக்குள் இல்லை. டிரம்ஸ் வாசித்த மிக் ஏவரி, தன் வாத்தியத்தின் இரும்புச் சாமானை எடுத்து தம்பி டேவின் தலையில் மேடையிலேயே போட்டார். ஆள் செத்துவிட்டான் என்று பயந்து ஓடி ஒளிந்தும் கொண்டார். டேவ் பிழைத்தார். ஏவரி அதற்குப் பிறகு 1984 வரை அதே குழுவில், அதே தலைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார். இதை யாரால் விட்டுத்தர முடியும்?

ஸ்மித்ஸ் குழுவினர் பங்கு பத்து சதவீதமா இருபத்தைந்தா என்று 1996-ல் நீதிமன்றம் போனார்கள். டிரம்ஸ்காரர் ஜெயித்தார். பர்மிங்காமில் யூபி40 என்று ஒரு குழு. வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்கும் படிவத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு 1978-ல் கிளம்பியவர்கள். இன்று அந்தப் பெயரில் இரண்டு குழுக்கள் ஊர் சுற்றுகின்றன. ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் தம்பி. டிக்கெட் வாங்குகிறவர் சுவரொட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பப்பில் கிடைத்தது. அங்கே எங்கள் ஐந்தாறு பேருக்கு ஒரு மூலை உண்டு. ஆளுக்கு ஒரு சமீபத்திய ஆல்பத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிக்க வேண்டும். பாராட்டுவதற்கு அங்கே அனுமதி இல்லை. தனக்கு உயிரான ஆல்பத்தைப் பற்றிக்கூட, "நாலாவது பாட்டு கொஞ்சம் நீளம்" என்றுதான் ஒருவர் ஆரம்பிப்பார். அவர்கள் பெயரை எழுதுவது மரியாதை அல்ல என்பதால் நான் மனசுக்குள் வைத்த முறைகளையே சொல்கிறேன்: க்யூர் பெரியப்பா, ரேடியோஹெட் சித்தப்பா, ஐரிஷ் அக்கா, அப்புறம் ஒரு பொடியன். பொடியனுக்கு வயது இருபத்தாறு. ஒரு குழுவை அவனைத் தவிர இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் அதை அவன் கைவிட்டுவிடுவான்.

பெரியப்பா அறுபதை நெருங்குகிறவர். கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. 2024 நவம்பர் முதல் தேதி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்ததும், அதை அவர் காதுகுத்துப் பத்திரிகை மாதிரி எல்லோருக்கும் அறிவித்தார். முந்தைய ஆல்பம் 2008-ல் வந்தது. ஆக, பதினாறு வருஷம்.

"எத்தனை பாட்டு?" என்றேன்.

"எட்டு."

நான் இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கு டவுன் பஸ் போகும் ஊரிலிருந்து வருகிறவன். 1976-ல் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டிய மனிதரைக் கேட்டு வளர்ந்தவன். எண்பதுகளில் சில வருஷங்கள் அவர் நாற்பது படங்களுக்கு மேல் செய்திருக்கிறார். எட்டுப் பாட்டு என்பது எங்கள் கணக்கில் ஒன்றரைப் படம். அதை நான் விளக்கியபோது பெரியப்பா கோபப்படவில்லை. கவலைப்பட்டார். "அந்த மனுஷன் தூங்குவாரா?" என்று கேட்டார். 2025 மார்ச்சில் லண்டன் ஹேமர்ஸ்மித் அப்போலோ அரங்கில் அவருடைய சிம்பொனி அரங்கேறியதையும், அதை முப்பத்தைந்தே நாளில் எழுதியதாக அவர் அறிவித்ததையும் சொன்னேன். 1973-ல் டேவிட் போவி தன் ஜிக்கி ஸ்டார்டஸ்ட் அவதாரத்தை முடித்துக்கொண்ட அதே மேடை அது. மேடையை மட்டும் பெரியப்பா ஒப்புக்கொண்டார். முப்பத்தைந்து நாளை அவர் கடைசிவரை நம்பவில்லை. அந்த முப்பத்தைந்து நாளில் ஒரு நாளாவது இளையராஜா ஜன்னல் வழியே சும்மா மழையைப் பார்த்திருக்க வேண்டாமா என்பது அவர் வாதம்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டை எனக்குப் போட்டுக்காட்டினார். மூன்று நிமிடத்துக்கு மேல் வாத்தியம் மட்டும் போகிறது, பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கவே இல்லை. மூன்று நிமிடத்தில் நம்மூரில் பல்லவி, முதல் சரணம் முடிந்து கதாநாயகி இரண்டு சேலை மாற்றியிருப்பாள். பொறுக்காமல், சினிமாப் பாட்டில் வளர்ந்த எந்தத் தமிழனும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "சிச்சுவேஷன் என்ன?"

படத்துக்குச் சம்பந்தமில்லாமல் பாட்டு எதற்கு என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. எங்கள் வீட்டில் கேசட் என்றால் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். இங்கே நாற்பத்தொன்பது நிமிடம், படமே கிடையாது, கதாநாயகன் யாரென்றும் தெரியாது. பெரியப்பா பொறுமையாகச் சொன்னார். பாடுகிறவருடைய அம்மா, அப்பா, அண்ணன் மூவரும் அந்த இடைவெளியில் இறந்துபோயிருக்கிறார்கள். ஒரு பாட்டு அந்த அண்ணனைப் பற்றியதே. அதற்கு மேல் நான் சிச்சுவேஷன் கேட்கவில்லை. பாட்டு கொஞ்சம் நீளம் என்று மட்டும் சொன்னேன். பெரியப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். முதல்முறையாக நான் முறைப்படி பேசியிருக்கிறேன்.

காத்திருப்பது இவர்களுக்கு ஒரு கலை. க்வீன் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே, வானியலில் செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வை எழுபதுகளில் பாதியில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து முடித்தது 2007-ல். ஷெஃபீல்டின் பல்ப் குழு இன்னும் மோசம். ஜார்விஸ் காக்கர் அதைப் பள்ளிக்கூடத்துப் பையனாக 1978-ல் ஆரம்பித்தார். ஊருக்குத் தெரிந்த ஆளானது 1995-ல். அதிலும் கிளாஸ்டன்பரி விழாவில் பாட வேண்டிய ஸ்டோன் ரோஸஸ் குழுவின் கிட்டார்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டதால்தான் அந்த மேடை இவருக்குக் கிடைத்தது. பதினேழு வருஷ உழைப்பு, ஒரு சைக்கிள். அப்புறம் 2001-க்குப் பிறகு ஆல்பமே இல்லை. 2025 ஜூனில் வந்ததற்குப் பெயர் 'மோர்'. வெயில் காலத்தில் வந்ததால் நான் உடனே வாங்கினேன். வயதானவர்கள் காதலைப் பற்றிப் பாடினால் ஒன்று வழிசல் வரும், இல்லாவிட்டால் வேதாந்தம் வரும். இதில் இரண்டும் இல்லை. ஜார்விஸ் தன் முழங்கால் வலியோடு சேர்த்தே காதலிக்கிறவர் போலப் பாடுகிறார்.

பொடியனுக்கு இதெல்லாம் தொல்பொருள். அவனுடைய தெய்வம் பிளாக் கன்ட்ரி, நியூ ரோட். அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2022 பிப்ரவரியில் வெளிவர நான்கு நாள் இருக்கும்போது பாடகர் குழுவை விட்டு விலகிவிட்டார். மிச்சப்பேர் என்ன செய்தார்கள்? அந்தப் பாட்டுகளை இனி மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். விற்க வந்த சரக்கை வாசிக்க மாட்டோம் என்றவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "அதான் அதோட அழகே" என்றான் பொடியன். அந்த ஆல்பத்தை அவன் இசைத்தட்டாகவும் வாங்கி வைத்திருக்கிறான். தட்டைச் சுழலவிடும் கருவி அவனிடம் கிடையாது. உறையை எடுத்துப் பார்ப்பான், வைப்பான்.

அவனை அடக்க எனக்கு ஒரே ஆயுதம் உள்ளூர்ப் பெருமை. எங்கள் லீட்ஸில் இங்கிலிஷ் டீச்சர் என்றொரு குழு. அவர்களுடைய 'திஸ் குட் பி டெக்ஸஸ்' 2024-ல் மெர்க்குரி பரிசு வாங்கியது. லண்டனுக்கு வெளியே அந்தப் பரிசு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. தவிர, தி ஹூ குழுவின் புகழ்பெற்ற நேரடிக் கச்சேரி ஆல்பம் 1970 பிப்ரவரி 14 அன்று எங்கள் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் பதிவானது. ராக் இசையின் மிகச் சிறந்த கச்சேரிப் பதிவு என்று பலர் சொல்லும் ஒன்று, அவித்த உருளைக்கிழங்கு வாசனையில் உருவாகியிருக்கிறது. நான் அந்தக் கூடத்தில் மதியம் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே கச்சேரி ஒன்றுதான் நன்றாக இருந்திருக்க முடியும்.

ஐரிஷ் அக்கா நர்ஸ். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் யாரோ ஃபோன்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ரொமான்ஸ்' ஆல்பத்தை அந்த வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அவங்க டப்ளின்" என்றார். அப்புறம் நிதானமாகக் கணக்கைத் தீர்த்தார். கேலகர்களின் அம்மா அப்பா இருவரும் அயர்லாந்துக்காரர்கள். ஸ்மித்ஸ் நால்வரும் ஐரிஷ் வம்சம். ஆகவே பிரிட்டிஷ் பேண்டு என்று நீங்கள் சொல்வதில் பாதி எங்களுடையது.

ஒரே சாம்ராஜ்யத்திடம் அடி வாங்கியவன் என்ற முறையில் நான் அக்கா பக்கம் சேர்ந்தேன். சேர்ந்ததோடு நிற்காமல் ஃப்ரெடி மெர்க்குரியை உரிமை கோரினேன். சான்சிபாரில் பிறந்த பார்சி. படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில். முதல் குழு ஆரம்பித்ததும் அங்கேதான். "உங்க ஊருக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?" என்றார் அக்கா. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சபை கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. உடனே மாதங்கி அருள்பிரகாசத்தை முன்வைத்தேன். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் போட்ட முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', இரண்டாவதுக்கு அம்மா பெயரான 'கலா'. மெர்க்குரி பரிசுப் பட்டியல் வரை போன லண்டன் ஆல்பம் ஒன்றின் அட்டையில் ஈழத்து அப்பா ஒருவர் பெயர் இருக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர் தனியாள், பேண்டு இல்லை என்று சட்டம் பேசினார்கள். சண்டை போட இன்னொருவர் இல்லாவிட்டால் அது பேண்டு ஆகாது என்ற என் கொள்கையே என்னைத் திருப்பி அடித்தது.

இவ்வளவு சின்னத் தீவில் இத்தனை குழுக்கள் எப்படி முளைத்தன என்பதற்குப் பெரியப்பா ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். 1939 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஜான் லெனன் 1940 அக்டோபர். இசைக்கு இந்த அரசு செய்த பேருதவி, பையன்களை அணிவகுக்கக் கூப்பிடாமல் விட்டது. படிப்பு ஏறாதவர்களுக்கு ஓவியக் கல்லூரிகள் திறந்திருந்தன. லெனன் லிவர்பூலில், கீத் ரிச்சர்ட்ஸ் சிட்கப்பில், பீட் டவுன்ஷெண்ட் ஈலிங்கில். ஓவியம் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை இவர்கள் யாருக்கும் வரவில்லை. எங்கள் காலத்தில் சின்னமனூரில் படிப்பு ஏறாதவனை ஓவியம் படிக்க அரசு அனுப்பியிருந்தால் தேனி மாவட்டத்தில் இன்று இருபது பேண்டாவது இருந்திருக்கும். நாங்கள் பாலிடெக்னிக் போனோம்.

கோல்ட்ப்ளே பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் மும்பையிலும் அகமதாபாத்திலும் அவர்கள் பாடியபோது சென்னையிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகள் விமானம் பிடித்துப் போனார்கள். அந்தப் பெருமையில் பப்பில் பெயரை எடுத்தேன். சித்தப்பா என்னை நலம் விசாரிப்பது போலப் பார்த்தார். தவறு பாட்டில் இல்லை. அந்த நான்கு பேரும் கல்லூரியில் சந்தித்து, இன்றுவரை சிநேகிதமாக இருந்து, வண்ணக் காகிதம் தூவிச் சந்தோஷமாகப் பாடுகிறார்கள். இந்த ஊர் ரசிகனுக்கு அது செரிப்பதில்லை.

சித்தப்பாவின் சங்கடம் இதற்கு நேர்மாறு. ரேடியோஹெட் 1985-ல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அதே ஐந்து பேர். அதிலும் காலின், ஜானி என்று அண்ணன் தம்பி இருக்கிறார்கள், நாற்பது வருஷத்தில் ஒரு பழம்கூட வீசிக்கொண்டதாகத் தகவல் இல்லை. சண்டை இல்லாத குறையைச் சோகமான பாட்டுகளால் ஈடுகட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் கடைசி ஆல்பம் 2016 மே மாதம் வந்தது. அடுத்தது எப்போது என்று சித்தப்பாவிடம் யாரும் கேட்பதில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இவ்வளவுதான். முதலில் இங்கிலிஷ் டீச்சர், அப்புறம் பல்ப். ஃபோன்டெய்ன்ஸ் டி.சி.யை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அக்கா பக்கத்தில் இருந்தால் டப்ளின் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். க்யூர் ஆல்பத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடாதீர்கள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.