இவ்வழிச் செல்வோர்க்குச் செவ்வாய்க்கிழமை எத்தனை? ஓர் ஆய்வு

சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் 15,349 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே நீளமானது இதுதான். பயண நேரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். இவ்வழிச் செல்பவருக்குச் செவ்வாய்க்கிழமை எத்தனை வரும் என்பதைத்தான் அறிவுலகம் ஆராயாமல் விட்டுவிட்டது.

முதற்கண் தூரம். உலக உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால், அந்நூல் வடதுருவத்தை உரசினாற்போல் போகும். விமானமோ நூலை மதிப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக விரையும் உயர்வான் காற்றோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலைச் சுற்றிப் போகிறது. வழி நீண்டாலும் நேரம் மிச்சம். 2018 அக்டோபரில் இந்நெடும்பயணம் மீண்டும் தொடங்கியபோது, பக்கத்து நூவர்க் நிலையத்துக்கு விமான நிறுவனம் அறிவித்த தூரமே சுமார் 16,700 கிலோமீட்டர். இதற்கென்றே ஏர்பஸ் ஏ350 விமானத்தின் எரிபொருள் கொள்ளளவை 1,65,000 லிட்டராக உயர்த்தி, இருக்கைகளை 161ஆகக் குறைத்தார்கள். அவற்றில் சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லை. ஆகவே கீழ்க்காணும் ஆராய்ச்சி வசதி படைத்தோருக்கே பயன்படும்.

இனி நேரம். கோடையில் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி வேறுபாடு. உலகின் பாதியைத் தாண்டி இறங்கியும், முள் கடிகாரம் கட்டியவர் அதைத் தொடவேண்டியதில்லை.

கோடையில் ஒருவர் திங்கள் இரவு 11:30க்குச் சிங்கப்பூரில் ஏறுகிறார் என்க. ஜப்பானை நெருங்குகையில் செவ்வாய் விடிகிறது. நடுப்பகலில் பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடந்ததும் அதே வெயில் திங்கட்கிழமை வெயிலாகிவிடுகிறது. செவ்வாயன்று உதித்த சூரியன் திங்களன்று மறைகிறான். காலை 6 மணிக்கு நியூயார்க்கில் இறங்கினால், மறுபடியும் செவ்வாய். ஆக, செவ்வாய் விடியல் இரண்டு.

திரும்புகாலில் திங்கள் இரவு 10:30க்குப் புறப்பட்டால், சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் விடியற்காலை 5 மணி. செவ்வாய் முழுவதும் ஆகாயத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

செவ்வாயோ வெறுவாயோ என்று நல்ல காரியங்களைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இது பெரும் கண்டுபிடிப்பு. அன்றைக்கு முடி வெட்டலாமா, கடன் கொடுக்கலாமா என்ற தர்க்கமே எழாது. ராகு காலத்துக்கும் விடை கிடைக்கிறது. பகல்பொழுதை எட்டாகப் பகுத்ததில் ஒரு பங்கே ராகு காலம். திரும்பும் விமானம் அட்லாண்டிக் வழியே கிழக்கு நோக்கிப் பறந்து, சூரியனை எதிர்கொண்டு, பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கினால், ராகுவுக்கு எஞ்சுவது ஒரே மணி நேரம்.

மறுதரப்பு வாதமும் உண்டு. பஞ்சாங்கம் குறிப்பிட்ட ஊரின் சூரியோதயத்தைக் கொண்டு கணிக்கப்படுவது; அட்லாண்டிக்குக்கு மேலே பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் ஊர் ஏது? இதற்கு இவ்வாய்வின் பதில்: இருக்கை எண்ணையே ஊராகக் கொள்ளலாம். ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு உதயம் தெரியும். நடுவரிசைக்காரர் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

முருகனுக்குச் செவ்வாய் விரதம் இருப்போர் போகும்போது எந்தச் செவ்வாயைக் கணக்கில் கொள்வது என்பது மட்டும் தீரவில்லை. தேதிக்கோட்டுக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு வந்தால் மறுத்துவிடலாம். பின்னால் வந்தால் அது திங்கட்கிழமைச் சாப்பாடு, தாராளமாக உண்ணலாம் என்பது இப்போதைக்கு எட்டிய இடைக்காலத் தீர்வு.