'அப்பமே சொன்னேம்லா': சாரல் காலச் சைக்கிள் முகாம் குறித்த ஓர் ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ஆடி மாதத்தில் ஒரு கணவனும் மனைவியும் சைக்கிள் மிதித்தால், ஆலங்குளம் போய்ச் சேர்வதற்குள் ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது: "அப்பமே சொன்னேம்லா." இவ்வாக்கியம் எந்த வானிலையில் தோன்றுகிறது, எதில் தழைக்கிறது, எப்போது ஓய்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். களம்: தென்காசி வழியாக இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை, புளியரை. காலம்: மூன்று பகல், இரண்டு இரவு. கருவிகள்: சைக்கிள் இரண்டு, கூடாரம் ஒன்று, பம்பு ஒன்று, பாதி தீர்ந்த சொல்யூஷன் டியூப் ஒன்று. முதல் ஆய்வாளர் நான். இரண்டாம் ஆய்வாளர் என் மனைவி. தரவு முழுவதையும் வழங்கியவர் அவர்தான்.

முன்னோர் சொன்னதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இதை ஆய்வு என்று எவரும் ஒப்ப மாட்டார்கள். தலைவனும் தலைவியும் சேர்ந்து ஊரைவிட்டுப் போவதற்கு நம் இலக்கணம் உடன்போக்கு என்று பெயர் வைத்து, பாலைத் திணையில் சேர்த்திருக்கிறது. பாலைக்குரிய பெரும்பொழுது வேனிலும் பின்பனியும், சிறுபொழுது நண்பகல். சாரலில் கிளம்புகிறவர்களுக்கு அங்கே இடமே இல்லை. போதாக்குறைக்கு, காலமும் ஒழுக்கமும் திணை மாறி மயங்கலாம், நிலம் மட்டும் மயங்காது என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்கிறது. மாறாந்தைப் பக்கம் வெயிலில் வெந்த செம்மண்ணையும், தென்காசியை நெருங்கும்போது வரும் நெல் வயலையும், குற்றாலத்து மலையையும் 60 கிலோமீட்டருக்குள் மிதித்தவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மருதத்துக்குரிய ஊடல் எங்களுக்கு மாறாந்தையிலேயே தொடங்கிவிட்டது. வயலைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை.

மேலைநாட்டாரில் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் குறிப்பிடத்தக்கவர். லண்டன் தையற்காரர். 1897-இல் அயர்லாந்தின் கானமாரா பகுதியில் சைக்கிளும் கூடாரமுமாகச் சுற்றி, மறுவருடம் அதைப் புத்தகமாக எழுதினார். 1901-இல் சைக்கிள் முகாம்காரர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். தையற்காரர் என்பதால் துணியின் குணம் அறிந்தவர். எங்கள் கூடாரத்தைத் தைத்தவருக்கு அப்படி ஓர் அறிவு இருந்ததாகத் தெரியவில்லை.

நம் ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானவர்கள் ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி. அதே 1897-இன் கடைசியில் கீழை நாடுகளுக்கு வந்து, குமரி முனையிலிருந்து இமயமலை வரை சைக்கிள் மிதித்தார்கள். அம்மாவுக்கு அப்போது 38 வயது, அய்யாவுக்கு 50. சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டினார்களாம். பயண நூல் 1904-இல் இருவர் பெயரிலும் வந்தது. நாற்பதில் எத்தனை பஞ்சருக்கு யார் யாரைப் பார்த்து 'அப்பமே சொன்னேன்' என்றார்கள் என்பதை, இருவரும் சேர்ந்து எழுதிய நூலில் எதிர்பார்க்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் இக்கட்டுரை.

இனி வானிலை. ஆடிக் காற்று அம்மியை நகர்த்தும் என்பார்கள். அம்மியைச் சோதிக்கவில்லை, சைக்கிள் நகராது என்பதற்கு நானே சாட்சி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து கிழக்கே வீசுகிறது. வழியெல்லாம் நிற்கும் காத்தாடிகள் அதைத் தின்றுதான் மின்சாரம் தருகின்றன. குற்றாலத்துக்குப் போகிறவர் மேற்கே போகிறார். அதாவது சீசனுக்குப் போகிற சைக்கிள்காரர் எல்லோரும் காற்றின் முகத்தில் மிதிக்கிறார்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிறவர் மீது 25 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், அசையாத காற்றில் இருப்பதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் தடை. இந்தக் கணக்கைச் சீதபற்பநல்லூர் தாண்டி, சாலையோரப் புளியமரத்தடியில் இரண்டாம் ஆய்வாளருக்கு விளக்கினேன். "இது கெளம்புறதுக்கு முன்னாடி தெரியாதாக்கும்?" என்று கேட்டார். தெரியும். பதிலைத்தான் சொல்லவில்லை.

காற்று வகையில் இவ்வாக்கியம் குறுகியது. மூச்சு வாங்குவதால் "...சொன்னேம்லா" என்று முன்பாதி தேய்ந்து வரும். சாரல் வகையில் நீளமானது. நனைந்து நிற்கிறவருக்கு நேரம் இருக்கிறது. சாரல் மழையல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டியது போக, கணவாய் வழியே காற்று அள்ளிக்கொண்டு வரும் மிச்சம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் விழும். நரிக்கும் காக்காய்க்கும் கல்யாணம் முடிவதற்குள் நின்றுவிடும். மழைக்கோட்டைப் போட்டால் வேர்வையில் உள்ளே நனையும், போடாவிட்டால் வெளியே. இதில் எந்த நனைவு மேல் என்று பாவூர்சத்திரம் வரை விவாதித்தோம். அதற்குள் இரண்டும் முடிந்திருந்தன.

ஆய்வின் மையத் தரவு மாறாந்தைக்கு அப்பால் கிடைத்தது. பின் டயர். சீமைக் கருவேல முள், ஒன்றரை அங்குலம் இருக்கும். டியூபை உருவி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஊற்றி, குமிழ் வந்த இடத்தில் உப்புத்தாளால் தேய்த்தேன். சொல்யூஷன் தடவியதும் சாரல் இறங்கியது. தடவிய பசை கையில் ஒட்டாத பதத்துக்குக் காய வேண்டும். அது ஐந்து நிமிடம். இரண்டாம் ஆய்வாளர் கூடாரத் துணியை டியூபுக்கு மேலே பிடித்தார். எனக்கு மேலே அல்ல. "காயட்டும், அவசரப்படாதிய" என்றார். காய்ந்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லி, துண்டை வைத்து, கட்டை விரலால் அழுத்தி, டயரை ஏற்றினேன். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி ரிம் தரையைத் தட்டியது.

அவர் எதுவும் சொல்லவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, பார்த்தார்.

இங்கேதான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. என் பதிவேட்டின்படி மூன்று நாளில் 'அப்பமே சொன்னேம்லா' 31 முறை: எதிர்காற்றுக்கு 11, சாரலுக்கு 9, கூடாரத்துக்கு 7, பஞ்சருக்கு 4. இரண்டாம் ஆய்வாளர் ஒப்புக்கொள்வது ஒன்பது மட்டும். "பாத்ததையெல்லாம் கணக்குல எழுதுனா எப்படி?" என்கிறார். மெய்ப்பாடும் சொல்லுக்குச் சமம் என்பது என் வாதம். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அந்தப் பார்வை வெகுளி அல்ல, பெருமிதம். பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது கல்வி. முன்கூட்டியே தெரிந்திருந்தவருக்கு வருவது.

ஆலங்குளத்து டீக்கடைக்காரரின் கூற்றையும் பதிவு செய்ய வேண்டும். ஈரக் கையோடு கிளாஸை வாங்கிய எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பஸ்ஸு ஓடும்போது மைனிய ஏன் இந்தப் பாடு படுத்துதிய?" என்றார். வெளியார் சான்று என்பதால் 31-இல் சேர்க்கவில்லை.

முகாம் இட்டது இலஞ்சியில், மனைவி வழிச் சித்தப்பாவின் தோப்பில். வீட்டில் கட்டில் கிடக்கும்போது தோப்பில் ஏன் படுக்க வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடை காணப்படவில்லை. பிற்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். தென்னைக்கு நேர்கீழே அடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்திருந்தோம். பிடுங்கி நட்டோம்.

இரவு இரண்டு மணிக்கு என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வெளியே மழையே இல்லை, நட்சத்திரம். உள்துணி முழுக்க வேர்த்திருந்தது. சாரலுக்குப் பயந்து இரண்டு பக்க வலை ஜன்னலையும் நான்தான் ஜிப் போட்டு அடைத்திருந்தேன். போக வழியில்லாமல் நின்ற இருவர் மூச்சின் ஈரம், மலைக்காற்றில் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, சொட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆக, அந்தச் சொட்டு வானிலையே அல்ல; நாங்கள்தான். இந்தக் கண்டுபிடிப்பை உற்சாகமாக எடுத்துச் சொன்னேன். "ஜன்னல அடைக்காதியன்னு அப்பமே சொன்னேம்லா" என்று அரைத் தூக்கத்தில் வந்தது. கண்ணைத் திறக்காமல் சொன்னது இது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் குற்றாலம், செங்கோட்டை, புளியரை. ஐந்தருவியில் கூட்டம், செங்கோட்டை பார்டரில் பரோட்டா. வயிறு நிறைந்திருக்கும்போது தரவு கிடைப்பதில்லை.

மூன்றாம் நாள் திரும்பினோம். காற்று இப்போது முதுகில். பாவூர்சத்திரத்திலிருந்து மாறாந்தை வரை பெடலில் காலை வைத்திருந்ததே வேலை. அந்த நீளம் முழுக்க வாக்கியம் ஒருமுறைகூடப் பதிவாகவில்லை, பார்வையும் இல்லை. இரண்டாம் ஆய்வாளர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாட்டு முணுமுணுத்த சத்தம் காற்றில் முன்னே போய்விட்டதால் என்ன பாட்டு என்று தெரியவில்லை. எட்டிப் பிடித்து, "வரும்போது காத்து நம்ம பக்கம் இருக்கும்னு நான் அப்பமே சொன்னேம்லா" என்றேன்.

"எப்ப சொன்னிய?" என்று கேட்டார்.

தேதி, நேரம், சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே அது தரவில் ஏறவில்லை.

கூடாரம் இப்போது மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆவணி பிறப்பதற்குள் குற்றாலம் போக நினைக்கும் தம்பதியர் யாரும் வந்து வாங்கிப் போகலாம், வாடகை வேண்டாம். இருவரும் தனித்தனிப் பதிவேடு வைத்து, வந்ததும் இரண்டையும் காட்ட வேண்டும். சொல்யூஷன் டியூப் புதிதாக வாங்கிக்கொள்ளவும்.