விடுப்பு விண்ணப்பமும் மேலாளரின் செவியும்: தில்லை வழக்கை முன்வைத்து

1. வரையறை

விடுப்பு விண்ணப்பம் என்பது, ஊழியர் ஒருநாள் வராமல் இருப்பதற்காக அதற்கு முன்பே மேலாளர் எதிரில் வந்து நிற்கும் நிகழ்வு. மேலாளர் காதுகொடுத்துக் கேட்பவரா என்று அறிய இதைவிட எளிய சோதனை கிடையாது. சம்பள உயர்வு கேட்டால் மேலிடத்தைக் கைகாட்டலாம். இடமாற்றம் கேட்டால் அரசாணையைக் காட்டலாம். ஒருநாள் லீவுக்கு அவரே வாய் திறந்தாக வேண்டும்.

2. மூல வழக்கு

இத்துறையின் மூல வழக்கு தில்லை எனப்படும் சிதம்பரத்தைச் சேர்ந்தது. விண்ணப்பதாரர்: நந்தனார். பணி: பண்ணை வேலை. காரணம்: நடராசர் தரிசனம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் லீவு மறுக்கும் ஆண்டை என்று எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளை நாளை என்று நந்தனாரே பயணத்தைத் தள்ளிப்போடுகிறார். திருநாளைப்போவார் என்று பெயரும் பெறுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் என்ற நிலக்கிழாரைக் கொண்டுவந்தார். தாமதத்துக்குக் காரணம் மேலதிகாரிதான் என்று கண்டுபிடிக்கத் தமிழுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் பிடித்தன.

கண்டுபிடிப்பு மேடையிலும் திரையிலும் பரவியது. 1942இல் ஜெமினி தயாரித்த படத்தில் நந்தனாராக நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் பணியாற்றினார். தில்லைக்குப் போக லீவு கிடைக்காதவராக நடித்தவருக்குத் தில்லையிலேயே உத்தியோகம் கிடைத்தது.

3. மறுமொழியின் படிநிலைகள்

வேதியரின் மறுமொழியை மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தகுதிப் படி. விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டு விண்ணப்பதாரரை விசாரிப்பது. வேதியர் வெளிப்படையாகச் சாதியைச் சொன்னார். இன்றைய அலுவலகத்தில் இது, "உனக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்?" என்ற வடிவில் வழங்குகிறது.

இரண்டாவது, வேலைப் படி. லீவுக்கான காரணம் மறைந்து, விட்டுப்போகும் வேலை மட்டும் பேச்சில் நிற்கும்.

மூன்றாவது, நிபந்தனைப் படி. 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் வேதியர். தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர், ஆக 260 ஏக்கருக்கு மேல். மறுக்கவில்லை, அனுமதி கொடுத்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள வசதியானது இந்தப் படி.

இறையருளால் ஒரே இரவில் வேலை முடிந்தது. காலையில் வயலைக் கண்ட வேதியர் நந்தனார் காலில் விழுந்தார். பெறப்படும் முடிவு: நந்தனாரின் சொல் எட்டாத செவிக்கு விளைந்த நெல் எட்டியது.

4. விதிகள்

அரசு ஊழியருக்கான அடிப்படை விதி 67இன்படி விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. பணி நலன் கருதி மறுக்கவும் ரத்துசெய்யவும் அனுமதி அளிக்கும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. நாள் கையில் இருந்தும் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பது இவ்விதிகளின் நுட்பம். ஷிப்டு முறை நடக்கும் ஆலைகளில் விதி இன்னும் சுருக்கம்: ரிலீவர் வந்தால் போகலாம்.

5. தற்கால நிலை

மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்தில் நடக்கும் ஆருத்ரா தரிசனத்துக்காகக் கடலூர் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். நந்தனார் கெஞ்சிக் கேட்ட அதே நாள், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கேளாமலேயே கிடைக்கிறது. எந்த மேலாளரும் எவர் சொல்வதையும் கேட்கத் தேவையில்லாததால் இம்முறை தகராறின்றி நடக்கிறது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் அடங்காத விடுமுறை என்பதால் கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும். துணிக்கடைக்கும் ஆலைக்கும் இந்த ஆணை பொருந்தாது; அங்கே மூல வழக்கு நடப்பில் உள்ளது.

விடுமுறை ஆணையில் ஈடுசெய்யும் பணிநாளாக ஒரு சனிக்கிழமையும் குறிக்கப்பட்டிருக்கும். 40 வேலி ஒரு சனிக்கிழமையாகக் குறைந்தது சமூக முன்னேற்றம்; நிபந்தனை நிபந்தனையாகவே நீடிப்பது நிர்வாக மரபு.