ஜங்ஷன் வரைக்கும் வாரேன்

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு மகனை ஏற்றிவிட வரும் அப்பாவை ஜங்ஷனில் தேட வேண்டியதில்லை. ஊருக்குப் போகிற மகன் ஆற அமர வருவான். வீட்டிலேயே இருக்கப்போகிற அப்பாதான் வேர்த்து விறுவிறுத்து முன்னால் ஓடிவருவார். கையில் 5 லிட்டர் தண்ணீர்க் கேன்.

"மெட்ராஸ்ல தண்ணி கெடைக்காதாப்பா?" என்று மகன் சிணுங்கினால் பதில் தயார்.

"அங்க கடல் தண்ணியில்லா வடிகட்டிக் குடிக்கானுவ! நம்ம ஆறு புன்னக்காயல்ல போயி கடல்ல விழுந்த பொறவு குடிக்கதுக்கு, இங்கனயே குடிச்சிட்டுப் போயேம்ல."

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் இன்ஜினீயர்கள் இவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

பெட்டிக்குள் ஏறியதும் விசாரணை. எதிர் பெர்த்துக்காரர் "அம்பாசமுத்திரம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், எந்தத் தெரு, யார் வீடு என்று போய், அவருடைய சித்தப்பாவும் தன் மச்சானும் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியது வரை தோண்டி எடுத்துவிடுவார். "தம்பியக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க." தம்பிக்கு வயது 29. சென்னையில் பதினைந்து பேர் அவனுக்குப் பயந்து வேலை பார்க்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற மனுஷர், "மறுபடி எப்பம்ல வருவே?" என்று மட்டும் கேட்கமாட்டார். "பெட்டியச் செயின் போட்டுக் கட்டினியால?" என்று மூன்று தரம் கேட்பார். அதற்கு அதுதான் அர்த்தம் என்று மகனுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும்.

வண்டி நகர்ந்த பிறகே குதித்து இறங்குவார். வீட்டுக்குப் போயும் தூங்கமாட்டார். செல்போனில் ரயில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே கிடப்பார். காலையில் மகன் "வந்துட்டேம்ப்பா" என்றால், "தெரியும். செங்கல்பட்டுல பன்னெண்டு நிமிஷம் போட்டுட்டானே!"

இந்தக் கலைக்கு ஆபத்து வந்தது 2023 செப்டம்பர் 24-ல். திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் ஓடத் தொடங்கிய நாள் அது. 8 மணி நேரத்துக்குள் எழும்பூர், நல்லதுதான். ஆனால் காலங்காத்தாலே கிளம்புகிற வண்டி. சாயங்காலம் மட்டும் திறக்கிற இருட்டுக்கடையின் அல்வா, ஒரு ராத்திரி ஆறிப்போய்த்தான் ரயிலேற வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கதவு தானாக மூடிக்கொள்கிறதே! விசாரணை "எந்தத் தெரு" என்ற கட்டத்தில் இருக்கும்போதே மூடிவிடும். அப்புறம் வேட்டியும் கேனுமாக அப்பாவுக்கு அடுத்த ஸ்டேஷன் வரை அதிவேகப் பயணம். அபராதம் போடுகிற டி.டி.ஆரிடமும் "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்காமல் இறங்கமாட்டார்.

ஆகவே, வந்தே பாரத்தில் டிக்கெட் போடும் நெல்லைப் பிள்ளைகளே, அப்பாவைப் பிளாட்பாரத்திலேயே நிறுத்தப் பாருங்கள். முடியாது என்று பட்டால் அவருக்கும் அடுத்த ஸ்டேஷன் வரை ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள். அபராதத்தைவிட மலிவு.