75 லிட்டர் சமுத்திர ராஜன்

திருவான்மியூரில் இவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வங்கக்கடல் தெரியும். காற்று பலமாக அடிக்கிற நாளில் ஜன்னல் கம்பியில் உப்பு பூக்கும். ஆனால் இவருக்கு வேண்டிய கடல் ஜெர்மனியிலிருந்து, மூடி போட்ட வாளியில், வெள்ளைப் பொடியாக வருகிறது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் அதை ஆர்.ஓ. தண்ணீரில் கொட்டி, ராத்திரி முழுக்க மோட்டார் போட்டுக் கலக்கி, காலையில் பல் தேய்க்கும் முன் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். 1.025 காட்டினால்தான் வீட்டில் காப்பி.

“எதிர்லயே கடல் கெடக்கே சார், ரெண்டு குடம் மொண்டுக்கினு வந்தா ஆச்சு” என்று வாட்ச்மேன் ஒருநாள் யோசனை சொன்னார். அடையாறும் கூவமும் எதையெல்லாம் சுமந்துகொண்டு எங்கே போய் விழுகின்றன என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. அதற்குப் பிறகு வாட்ச்மேன் கடற்கரைப் பக்கமே போவதில்லை என்று கேள்வி.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தனி ஜாதி. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களை இவர்கள் தங்கள் பந்தியில் உட்கார வைப்பதில்லை. “அது யார் வேணா வளர்க்கலாம் சார்” என்று ஒரு புன்னகையோடு தள்ளிவிடுவார்கள். நம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நல்ல வேலை. டிவி ரிமோட் உட்பட வீட்டில் எந்த அதிகாரமும் கையில் இல்லை. அந்தக் குறை தீர, ஹாலில் 75 லிட்டரில் ஒரு சாம்ராஜ்யம்.

அந்தச் சாம்ராஜ்யத்தின் முதல் மாதத்தில் குடிமக்களே கிடையாது. தண்ணீர், மணல், கல், நீல விளக்கு, அவ்வளவுதான். வருகிறவர்கள் குனிந்து தேடுவார்கள்.

“மீன் எங்க சார்?”

“மீனா? இப்ப பாக்டீரியாதான் இருக்கு. நல்லா வளருது.”

இதில் தமாஷ் இல்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனைக் கொல்லும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் என்று நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குத் தீனி வேண்டும். அதற்கு ஒரு வழி, தொட்டியில் ஓர் இறாலைப் போட்டு அழுக விடுவது. பரம்பரைச் சைவரான நம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக மீன் மார்க்கெட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒரே ஒரு இறால் குடுங்கம்மா” என்றார்.

“ஒண்ணா? பூனைக்கா சாமி?”

“இல்லம்மா, அழுக வைக்க.”

அந்த அம்மாள் காசு வாங்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கொளத்தூர் யாத்திரை. கடைக்காரர் பிடித்துத் தந்ததை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை இவர். “தீனி போடுங்க, சாப்பிடுதான்னு பாக்கணும்” என்று கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு விசாரித்ததில்லை என்பது மனைவியின் சாட்சியம். வந்து சேர்ந்தது ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் பிடித்ததல்ல, தொட்டியிலேயே பொரித்த குஞ்சுகள் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து மையத்தில் இந்த மீனை எப்படிக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள் என்று கேட்காமலே சொல்வார். இரண்டில் பெரியது பெண், அது போய்விட்டால் ஆண் பெண்ணாகிவிடும் என்று தொடங்கும்போது, மனைவி குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுவார்.

“இதுதான் பவளப்பாறைத் தொட்டியா? பவளம் எங்க அங்கிள்?” என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். நம்மாள் சட்டம் பேசத் தொடங்கினார். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையையும் அதன் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரையையும் அப்போது அங்கேதான் சேர்த்தார்கள்.

“அப்ப பவளம் வச்சிருந்தா, வீட்டுல புலி வளக்குற கேஸா?”

“அதே கேஸ்தான்.”

ஆகவே இவர் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல். அதன் மேல் ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி ஒரு பொட்டு படர்ந்த அன்று ஆபீஸில் இனிப்பு வழங்கப்பட்டது.

அந்தப் பாசி வளரக் கால்சியம் வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா, மகன் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைப்பதை, வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா அது?”

“கால்சியம் ஹைட்ராக்சைடும்மா. வெளிநாட்டுச் சரக்கு.”

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உரசிப் பார்த்தார். மடியிலிருந்த டப்பியைத் திறந்து அதையும் உரசினார்.

“இது சுண்ணாம்புல்லாய்யா! எங்க காலத்துல பவளப்பாறைய வெட்டியாந்து காளவாசல்ல சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவாவ. நீ என்னன்னா சுண்ணாம்ப ஊத்திப் பாறை வளக்கே.”

வேதியியல்படி அம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. நம்மாள் டப்பாவின் விலைச்சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

விருந்தாளியாகப் போனால் ஏமாந்துவிடாதீர்கள். ஹாலில் ஏ.சி. ஓடுவது உங்களுக்காக அல்ல. தொட்டி 28 டிகிரியைத் தாண்டிவிட்டது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவது அலை மோட்டார். மின்விசிறிக்கு அதில் இணைப்பில்லை. பஜ்ஜி வந்த நேரம் பார்த்து, ஸ்கிம்மர் என்ற கருவியின் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வருவார். தண்ணீரில் கரைந்த மீன் கழிவை நுரையாக்கி மேலே தள்ளும் யந்திரம் அது. உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில், அழுகல் வாடையோடு ஏதோ தளும்பும். “இதெல்லாம் தண்ணிக்குள்ள இருந்தது சார், பாருங்க!” என்பார். நீங்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: கால்சியம் 420, மக்னீசியம் 1300, காரத்தன்மை 8.5. வாரம் தவறாமல் பரிசோதனை. அவருடைய சர்க்கரை அளவு என்ன என்று கேட்டால், “போன வருஷம் பாத்தேன்” என்பார். இரண்டு மீனுக்கு இத்தனை பாடா என்று கேட்டால் கோபம் வரும். மீனை யார் வளர்க்கிறார்கள்? இவர் வளர்ப்பது தண்ணீரை. தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கடல் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையை ஹாலில் செய்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

வெளியூர்க் கல்யாணம் என்றால் முகூர்த்தம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை தொட்டியை மச்சினரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும், அதனால் வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று எழுதியும் வைத்திருந்தார். மச்சினர் பாசத்தில் உப்பு நீரையே ஊற்றினார். மீன்கள் பிழைத்துக்கொண்டன. மச்சினர் உறவு இன்னும் தேறவில்லை.

இந்தத் துறையின் பாலபாடம் இதுதான்: சிறிய தொட்டிதான் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் ஒரு பகலில் எகிறிவிடும். பெரிய தொட்டி தவறுகளைத் தாங்கும். இது நம்மாளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், நீலவிளக்கில் சொக்கிப்போய் “நானும் ஒண்ணு வைக்கலாம்னு பாக்கறேன்” என்று நீங்கள் வாய்விட்டால், தோளில் கை போட்டு, “முதல்ல சின்னதா ஆரம்பிங்க சார்” என்பார்.

ஏனென்றால் அவர் 300 லிட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இந்த 75 லிட்டரை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.