வழக்கோடு சேர்த்து மனை வாங்குவது எப்படி?

மனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பேரன் காலம்வரை வாய்தா ஓடும் வழக்கோடு சேர்த்து வாங்கத்தான் கொஞ்சம் அவசரம் வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பத்து வருஷத்துக்குப் போட்டால் போதும். முப்பது வருஷம் கேட்கிற வக்கீல் ஃபீஸுக்கு அலைகிறார். தாளில் ஒன்றும் இல்லையென்றால் அன்றே அட்வான்ஸ் கொடுங்கள். பதிவானது மட்டுமே அதில் ஏறும், பதியாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் ஏறாது என்று யாராவது சொன்னால், பொறாமை என்று தள்ளுங்கள். தாய்ப்பத்திரம் "பேங்க்ல இருக்கு சார்" என்றால் எந்த பேங்க் என்று கேட்காதீர்கள்.

அடுத்து, விற்கிற அண்ணன் தம்பிகளோடு டீ குடியுங்கள். அக்கா தங்கைகளை விசாரிக்க வேண்டாம். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்பார்கள், தலையாட்டுங்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவலை வேண்டாம், கையெழுத்துப் போடாத அக்கா உங்கள் கிரகப்பிரவேசம் முடிந்ததும் வருவார். பிரிவினை வழக்கு என்றால் என்னவென்று அவருடைய வக்கீல் நிதானமாக விளக்குவார்.

பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் கொடுத்த பெரியவர் இருக்கிறாரா என்று கேட்பது அநாகரிகம். அவர் போனால் பெரும்பாலும் பவரும் போகும் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்து விஷயம். கிரயமே வேண்டாம், பவரும் அக்ரிமென்டும் போதும் என்றால் இன்னும் லாபம். முத்திரைத்தாள் செலவு மிச்சம். அப்படி வாங்கினால் உரிமை மாறாது என்று 2011இல் தீர்ப்பு வந்தது, அவ்வளவுதான்.

பத்திரம் பதிந்ததும் நிம்மதியாகத் தூங்குங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது. விற்றவருக்கு உரிமை இருந்தது என்று உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும் என்றால், பட்டா மாறுதலை அடுத்த தைக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை பட்டா பழையவர் பெயரிலேயே இருக்கும், அதன் நகலும் அவர் கையில் இருக்கும். உங்களைப் போலவே அவசரத்தில் இருக்கும் இன்னொருவரை புரோக்கர் இந்நேரம் மனையைக் காட்ட அழைத்து வந்துகொண்டிருப்பார்.