கூண்டு ஏற்றினால் போதுமா?

கேள்வி: புயலுக்குக் கூண்டு ஏற்றுகிறார்களே, கலவரத்துக்கும் முன்கூட்டியே எச்சரிக்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். கூண்டைப் பார்த்த பிறகும் படகை இழுத்துக் கட்டாமல் இருப்பதுதான் கொடுமை. 1994 ஜனவரி 11 அன்று, ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டல்லேர் நியூயார்க்குக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருக்கின்றன, டுட்ஸி இன மக்களைக் கணக்கெடுக்கிறார்கள், இருபதே நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்ல முடியும் என்று கொலைத் திட்டத்துக்கு உள்ளே இருப்பவரே சொல்கிறார்! ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப் போவதாகவும் டல்லேர் எழுதியிருந்தார். ஐ.நா. மேலிடம் கூடாது என்றது. ஏப்ரலில் தொடங்கி நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. தன் படையைக் குறைத்தது. மன்னிக்கவே முடியாத செயல் அது.

கென்யா பட்டுத் தெளிந்தது. 2007 தேர்தலைத் தொடர்ந்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாடு, 2010 பொதுவாக்கெடுப்பின்போது 108 என்ற எண்ணுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னது. ஆம், நம்மூர் ஆம்புலன்ஸ் எண்ணேதான்! ஊரில் மிரட்டல் துண்டறிக்கை கிடந்தால்கூடத் தகவல் சொல்ல முடிந்தது. உள்ளூர் அமைதிக் குழுவினர் நேரில் போய்ப் பேசினார்கள். அந்த வாக்கெடுப்பு அமைதியாக முடிந்தது.